பிறப்பு விகிதம்: பொருளும் தோற்றமும் கணக்கிடும் முறையும்

ஓராண்டில் ஒரு பகுதியில் உயிருடன் பிறந்த குழந்தைகள், அங்கு வாழும் ஆயிரம் பேருக்கு எத்தனை என்று கூறும் எண்ணே பிறப்பு விகிதம் ஆகும்.

இவ்வகை ஆய்வுக்கு வழி திறந்தவர் லண்டன் வணிகரான ஜான் கிராண்ட். தேவாலயங்களின் ஞானஸ்நான, அடக்கப் பதிவுகளைத் தொகுத்து அவர் 1662-இல் வெளியிட்ட நூல், லண்டனில் ஞானஸ்நானங்களைவிட அடக்கங்களே மிகுதி என்பதையும், வெளியூர்களிலிருந்து குடியேறியவர்களாலேயே அந்நகரம் வளர்ந்தது என்பதையும் காட்டியது. ஆயினும் அவரால் எண்ண முடிந்தது ஞானஸ்நானங்களையே; ஞானஸ்நானம் பெறாத குழந்தைகள் அக்கணக்கில் இடம்பெறவில்லை. எனவே, பதிவேட்டில் விடுபட்டவர்கள் யார் என்ற கேள்வியுடன் தொடங்குவதே முறை.

படி 1: ஓராண்டின் பிறப்புகளைத் திரட்டுங்கள். இந்தியாவில் 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பைப் பதிவு செய்வது கட்டாயம். அதற்கான வழக்கமான கெடு 21 நாட்கள். இறந்து பிறந்த குழந்தைகளை இதில் சேர்க்கக் கூடாது.

படி 2: அதே ஆண்டின் நடுப்பகுதியில் இருந்த மக்கள்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முழுவதும் மக்கள்தொகை மாறிக்கொண்டே இருப்பதால், நடு ஆண்டு எண்ணே சராசரிக்கு நெருங்கி நிற்கும்.

படி 3: பிறப்புகளை மக்கள்தொகையால் வகுத்து 1,000 ஆல் பெருக்குங்கள். 40,000 பேர் வாழும் ஊரில் 560 குழந்தைகள் பிறந்திருந்தால், விகிதம் 14.

படி 4: கிடைத்த எண்ணைப் பொருள் கொள்ளுங்கள். பலர் அவசரப்படுவது இங்கேதான். வகுக்கும் எண்ணில் ஆண்கள், சிறுவர், முதியோர் அனைவரும் அடங்குவதால், முதியோர் மிகுந்த ஊரில், அங்குள்ள இளம் பெண்கள் மற்ற ஊர்ப் பெண்களைப் போலவே குழந்தை பெற்றாலும், விகிதம் குறைவாகவே இருக்கும். இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் நடத்தும் மாதிரிப் பதிவுத் திட்டத்தின்படி, 2020-இல் பிறப்பு விகிதம் நாடு முழுமைக்கும் 19.5, பீகாரில் 25.5, தமிழ்நாட்டில் 13.8. இந்த வேறுபாட்டில் எவ்வளவு வயது அமைப்பால் வந்தது, எவ்வளவு குடும்ப அளவால் வந்தது என்பதை இவ்வெண்களால் மட்டும் பிரித்தறிய இயலாது.

அதனால் இதனுடன் மொத்தக் கருவள விகிதத்தையும் சேர்த்துப் பாருங்கள். அவ்வாண்டில் ஒவ்வொரு வயதிலும் நிலவிய பிறப்பளவு அப்படியே தொடர்ந்தால், ஒரு பெண் தம் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் குழந்தைகள் எத்தனை என்பதை அது கூறுகிறது. 2020-இல் அது பீகாரில் 3.0 ஆகவும் தமிழ்நாட்டில் 1.4 ஆகவும் இருந்தது.