கருத்தடை முடிந்து வந்த பூனை: மூன்றாம் நாள்தான் கவனம்

பெட்டைப் பூனைக்குக் கருத்தடை செய்து வீட்டுக்குக் கூட்டி வந்த முதல் நாள் யாரும் அசட்டையாக இருப்பதில்லை. பூனை தள்ளாடுகிறது, வயிற்றில் ரோமம் மழித்திருக்கிறது, தையல் தெரிகிறது. எல்லோரும் சுற்றியே உட்கார்ந்திருப்போம். தவறுகள் மூன்றாம், நான்காம் நாளில்தான் தொடங்குகின்றன. அதற்குள் பூனை நன்றாகச் சாப்பிடும், வாலைத் தூக்கிக்கொண்டு நடக்கும், கதவருகே நின்று கத்தும். சரி, தேறிவிட்டது என்று கதவைத் திறந்துவிடுகிறோம்.

இந்தச் சிகிச்சையில் வயிற்றைத் திறந்து, பெரும்பாலும் சினைப்பைகளோடு கருப்பையையும் எடுத்துவிடுகிறார்கள். நாம் பார்ப்பது தோலில் போட்ட தையலை மட்டும்தான். அதற்குக் கீழே தசைக்குத் தனித் தையல் இருக்கிறது. தோல் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும், தசைக்கு வலு வர நாளாகும். அதற்குள் பீரோ மேல் ஒரே தாவாகத் தாவினால் உள்தையல் விட்டுப்போய்க் குடல் தோலுக்கடியில் பிதுங்கலாம். அதனால் 10 முதல் 14 நாள் வரை ஒரு சின்ன அறைதான். எங்கள் பூனைக்காக ஓர் அறையிலிருந்து நாற்காலி, ஸ்டூல் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டோம். பரண் இருக்கிற அறை வேண்டவே வேண்டாம். ஜன்னல் திட்டும் தாவுவதற்கு ஓர் இடம்தான், மறந்துவிடாதீர்கள்.

அடுத்து, தையலை நக்காமல் இருக்கக் கழுத்தைச் சுற்றி மாட்டும் கூம்பு, அதாவது கோன். அதைப் போட்டதும் பூனை பின்னோக்கி நடக்கும், சுவரில் முட்டும். பார்க்கப் பாவமாக இருக்கிறதென்று கழற்றுகிறோம். பூனையின் நாக்கு முழுக்கச் சின்னச் சின்னக் கொக்கிகள். நாம் குளித்துவிட்டு வருவதற்குள் நக்கி நக்கியே தையலைப் பிரித்துவிடும். சாப்பிடும்போது மட்டும் கழற்றி, பக்கத்திலேயே இருந்து, முடிந்ததும் மாட்டுங்கள். ஓரிரு நாளில் பழகிவிடும்.

எனக்கு மிகவும் பயம் தருவது பாராசிட்டமால். வலிக்குமே என்ற அன்பில்தான் கொடுக்கிறார்கள். அந்த மருந்தை முறிக்கத் தேவையான நொதி பூனையின் கல்லீரலில் போதிய அளவு கிடையாது. சிவப்பணுக்களால் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போகும், ஈறு பழுப்பாகும், முகமும் பாதங்களும் வீங்கும். ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையின் உயிரை எடுக்கப் போதும். நாய்க்கு வாங்கி மிஞ்சிய மருந்தும் கூடாது. ஆனால் வலி இருப்பது உண்மை. பூனை அதை வெளியே காட்டாது. குறுகி உட்கார்ந்து, கண்ணைப் பாதி மூடி, மூலையைப் பார்த்து இருந்தால் அது வலி. வீட்டுக்குக் கிளம்பும்போதே டாக்டரிடம் கேட்டுப் பூனைக்கான வலி மருந்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

தையலில் மஞ்சளோ தேங்காய் எண்ணெயோ தடவ வேண்டாம். பூனை இன்னும் அதிகமாக நக்கும், புண்ணின் நிறமும் நமக்குத் தெரியாது. டெட்டால், பினாயில் வகைகள் பூனைக்கு நஞ்சு. குளிப்பாட்டலும் வேண்டாம். பூனை மலஜலம் கழிக்கும் தட்டில் சில நாளைக்கு மணலுக்குப் பதிலாகக் கிழித்த காகிதம் போட்டால் தையலில் தூசி ஒட்டாது.

முதல் இரவு மயக்கம் தெளியாமல் இருக்கும்போது வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றிவிடாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நன்றாகத் தெளிந்தபிறகு வழக்கத்தில் பாதி உணவு போதும். அன்று உடல் சூட்டைப் பூனையால் சரியாகக் காத்துக்கொள்ள முடியாது. ஏசியும் நேரடி ஃபேன் காற்றும் வேண்டாம், தரையில் ஒரு போர்வை விரித்து அதில் படுக்க வையுங்கள். 24 மணி நேரம் ஆகியும் சாப்பிடவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

வீட்டில் இன்னொரு பூனை இருந்தால் அது சீறலாம். ஆஸ்பத்திரி வாசனைதான் காரணம், சில நாளில் சரியாகும். அதுவரை பிரித்து வையுங்கள்.

தினமும் காலையும் மாலையும் வெளிச்சத்தில் தையலைப் பாருங்கள். உள்நூல் இருக்கும் இடத்தில் சின்னக் கெட்டியான மேடு வருவது சகஜம். மேடு பெரிதாகிக்கொண்டே போனால், சீழோ நாற்றமோ இருந்தால், தையல் இடைவெளி விட்டிருந்தால் அன்றைக்கே காட்டுங்கள். ஈறு வெளுத்து, வயிறு உப்பி, எழுந்து நிற்க முடியாமல் கிடந்தால் உள்ளே ரத்தம் கசியலாம். அப்போது விடியட்டும் என்று இருக்காதீர்கள், இரவு இரண்டு மணியானாலும் வண்டியை எடுங்கள்.