வீட்டிலிருந்தே வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்கிறீர்களா?

சுங்கை சிப்புட்டில், ரப்பர்த் தோட்டத்தை ஒட்டிய வீட்டின் முன்கூடத்தில் அமர்ந்து வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்தாலும், உழைப்பு மலேசிய மண்ணில் நடப்பதால், அந்த வருமானம் இங்கேயே வரிக்கு உட்பட்டது. ‘வெளிநாட்டுப் பணத்துக்கு வரி இல்லை’ என்ற பேச்சை நம்பி நம் பிள்ளைகள் ஏமாறக் கூடாது.

ஒப்பந்தத்தில் உங்களை ஊழியர் என்று குறித்திருக்கிறார்களா, சுயதொழில் செய்பவர் என்றா என்பதை முதலில் பாருங்கள். வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய ஊழியருக்கு பிஇ படிவம், கடைசி நாள் ஏப்ரல் 30. சுயதொழிலருக்கு பி படிவம், கடைசி நாள் ஜூன் 30. சுயதொழிலருக்கு முதலாளி ஊழியர் சேமநிதி (இபிஎஃப்) கட்டமாட்டார் என்பதால், சுயதொழிலர் அந்த சேமநிதியின் தன்னார்வச் சந்தாத் திட்டமான ஐ-சாரானில் தாமே செலுத்துவது மிக அவசியம். தொழிலுக்கு வாங்கிய மடிக்கணினி, இணையச் சேவை ரசீதுகளை 7 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். கடை ரசீதின் மை விரைவில் மங்கிவிடும், வாங்கிய அன்றே படமெடுத்து வையுங்கள்.