பவளத் தொட்டியும் கிணற்றுத் தண்ணீரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரையை அளவாகப் போடு, மீனை நிறைய விடாதே என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அவற்றை விட்டுவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் புதிதாகப் பவளத் தொட்டி, அதாவது உயிருள்ள பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி, வைக்கிறவர்கள் திரும்பத் திரும்ப மாட்டுப்படுகிற இடங்கள் வேறு.

கிணற்றுத் தண்ணீர்

கோப்பாய்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் கூப்பிட்டார். 200 லீற்றர் தொட்டி, பாசிக்குப் பசளையாகிற நைத்திரேற்று 60 பிபிஎம்மைத் (லீற்றருக்கு 60 மில்லிகிராம்) தாண்டி நிற்கிறது. மீனைக் குறைத்தார், இரையைக் குறைத்தார், நுரையோடு கழிவைப் பிரித்தெடுக்கும் விலை கூடிய ஸ்கிம்மர் ஒன்றும் வாங்கினார். வாரம் தவறாமல் தண்ணீரும் மாற்றுகிறார். பாறை முழுக்க இன்னும் பச்சைப் பாசிதான். எந்தத் தண்ணீரில் உப்புக் கரைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“எங்கட கிணறு நல்ல தண்ணி, அண்ணை. அயலெல்லாம் இஞ்சதான் வந்து அள்ளுது.”

இந்தப் பதிலைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். நாக்குக்கு உவர்ப்புத் தெரியும், நைத்திரேற்று தெரியாது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் போடும் யூரியாவும், வீட்டு மலகூடக் குழிகளின் கசிவும் சுண்ணக்கல் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி நிலத்தடி நீரில் சேருகின்றன. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய கிணறுகள் இங்கே பல.

கணக்கைப் பாருங்கள். வெயில் காலத்தில் அப்படியொரு தொட்டியில் நாளுக்கு 3 லீற்றர் ஆவியாகிறது என்று வைப்போம். போவது தண்ணீர் மட்டும்; கரைந்திருப்பது உள்ளேயே தங்கும். லீற்றருக்கு 50 மில்லிகிராம் உள்ள கிணற்று நீரால் அதை நிரப்பினால், நாளுக்கு 150 மில்லிகிராம் உள்ளே வருகிறது. 200 லீற்றரில் அது 0.75 பிபிஎம். ஒரு மாதத்தில் 22 பிபிஎம்முக்கு மேல், மீன் ஒன்றுகூட இல்லாவிட்டாலும்! அதே தண்ணீரில் உப்பைக் கரைத்து மாற்றினால் எப்படி இறங்கும்?

கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, நீர் வற்ற அடர்த்திதான் கூடும். கரி வடிகட்டியும் பிடிக்காது. ஆர்ஓ (சவ்வு வடிகட்டி), அதன் பின்னால் மிச்ச உப்புகளைப் பிடிக்கும் டிஐ ரெசின், கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீற்றரில் 0. இதற்குக் குறுக்கு வழி இல்லை. கடையில் ஆர்ஓ தண்ணீர் வாங்கினாலும் அளந்து பார்த்து வாங்குங்கள். சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்ப்பவர்களும் உண்டு. ஆய்வுகூட அறிக்கையில் ‘நைத்திரேற்று நைதரசன்’ என்றிருந்தால் அது நைதரசனின் எடை மட்டும்; நைத்திரேற்று அளவுக்கு 4.43ஆல் பெருக்க வேண்டும். 10 என்று பார்த்து நிம்மதியடையாதீர்கள், அது 44.

தம்பி தண்ணீரை மாற்றிய பிறகு அளவு மெல்ல மெல்ல இறங்கியது. அந்த ஸ்கிம்மர் காசில் முதலே ஓர் ஆர்ஓ வாங்கியிருக்கலாம்.

பூச்சியத்துக்குக் கொண்டுபோவது

பாசிக்குப் பயந்தவர்கள் அடுத்து இரும்பு ஒக்சைட்டு மணிகளை அள்ளிப் போட்டுப் பொஸ்பேற்றை ஒரேயடியாக இறக்குகிறார்கள். பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசிக்கு நைத்திரேற்றும் வேண்டும், பொஸ்பேற்றும் வேண்டும். முதலாவது 2 முதல் 10 பிபிஎம், இரண்டாவது 0.03 முதல் 0.1. இந்த அளவில் நின்றால் போதும். இரண்டும் இல்லாமல் போனால் பவளம் வெளிறும், அப்புறம் காற்றுக் குமிழி கோத்த பழுப்புச் சளி மணலில் படரும். அது டைனோஃபிளாஜெலேட் என்ற நுண்ணுயிர். அழுக்கு என்று நினைத்து இன்னும் தண்ணீர் மாற்றினால் இருக்கிற கொஞ்சச் சத்தும் போய் அது மேலும் பரவும். மணிகளை வெளியே எடுங்கள், மீனுக்கு வழமையான இரையைப் போடுங்கள்.

கடல்நீரேரித் தண்ணீர்

தொட்டிக்கு அள்ளி வராதீர்கள். மாரியில் மழை வெள்ளத்தோடு பசளையும் வந்து கலக்கும், உப்பும் ஒரு நிலையில் நிற்காது.

வேலியோரத்துச் சுண்ணக்கல்

தொட்டிப் பாறைக்கு அதை எடுக்காதீர்கள். பசளை பட்ட கல் பொஸ்பேற்றைப் பிடித்து வைத்திருந்து மாதக்கணக்கில் தொட்டிக்குள் விடும்.

உறைந்த இரை உருகிய தண்ணீர்

அதை வடித்து வெளியே ஊற்றிவிட்டு இரையை மட்டும் போடுங்கள்.