பக்கத்து நிலத்தின் வழியாக வண்டிப்பாதை: கேட்பதற்கு முன்னும் எழுதும்போதும் கவனிக்க வேண்டியவை

ரோட்டு முகப்பு இல்லாத தோட்டம் விலை மலிவாகக் கிடைக்கும். டிராக்டரை உள்ளே இறக்கும் நாளில்தான் அது ஏன் மலிவு என்று தெரியும். ரோட்டை ஒட்டி முன்னால் நிலம் வைத்திருப்பவரிடம் பாதை கேட்டே ஆக வேண்டும். ஆனால் முதல் வேலை அவர் வீட்டுக்குப் போவதல்ல. பாதை உரிமை ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறதா என்று காகிதத்தில் பார்ப்பதுதான்.

உங்கள் மூலப்பத்திரம், அதற்கு முந்தைய பாகப்பிரிவினைப் பத்திரம், உங்கள் நிலம், அவர் நிலம் இரண்டின் சர்வே எண்களுக்கும் வில்லங்கச் சான்று (அந்த நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்), புலப்படம் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்), கிராம வரைபடம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய பத்திரங்களின் கடைசியில் "மாமூல் வழிநடை பாத்தியம் சகிதம்" (வழக்கமாகப் போய்வரும் பாதை உரிமையோடு) என்று ஒரு வரி இருக்கும். அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். பெரும்பாலும் அது எழுத்தர் வழக்கமாகச் சேர்க்கும் வரி. எந்த சர்வே எண் வழியாக, எத்தனை அடி என்று சொல்லாது.

1882 ஆம் ஆண்டு ஈஸ்மெண்ட் சட்டத்தில் (அடுத்தவர் நிலத்தின் மேல் பாதை போன்ற உரிமைகளைப் பற்றியது) இரண்டு பிரிவுகள் இங்கே முக்கியம். 13வது பிரிவு தேவையினால் வரும் பாதை. இரண்டு நிலமும் ஒரு காலத்தில் ஒரே கையில் இருந்து, விற்பனையாலோ பாகத்தாலோ பிரிந்து, உங்கள் பங்குக்கு வேறு வழியே இல்லாமல் போயிருந்தால்தான் இது செல்லும். "எனக்கு வழியில்லை, அதனால் கொடுத்தே ஆகணும்" என்று ஊரில் பேசுவது பாதி உண்மைதான். சுற்றுவழி ஒன்று இருந்தாலும் இந்த வாதம் நிற்காது. 15வது பிரிவு அனுபவத்தால் வரும் உரிமை: வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையோடு 20 ஆண்டுகள் போய்வந்திருக்க வேண்டும். அரசு நிலமென்றால் 30 ஆண்டுகள். அந்த அனுபவம் வழக்குப் போடும் நாளுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் வரை நீடித்திருக்கவும் வேண்டும்.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். 20 ஆண்டாக மாட்டுவண்டி போன தடத்துக்கு, "தயவுசெய்து போக அனுமதி தாருங்கள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அனுமதி கேட்டுப் போவது வேறு, உரிமையோடு போவது வேறு. அந்தக் கடிதமே பின்னால் உங்களுக்கு எதிரான சாட்சியாகும். பழைய தடம் இருந்தால், கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களைப் பார்த்து எடுத்து வைத்துவிட்டுப் பேசப் போங்கள்.

உரிமை எதுவும் இல்லையென்றால் விலை கொடுத்தோ மாற்றிக்கொண்டோதான் பாதை வாங்க வேண்டும். போவதற்கு முன் கணக்கைப் போட்டுவிடுங்கள். டிராக்டரும் டிரெய்லரும் போக 10 அடி போதும். எதிரே வண்டி வந்தால் ஒதுங்கவும், லாரி வந்து தேங்காய் ஏற்றவும் 12 அடியாவது வேண்டும். நெல் வயலென்றால் அறுவடை இயந்திரத்தின் கத்தி அகலமே 14 அடி வரை இருக்கும். அதைக் கழற்றாமல் கொண்டுபோக வேண்டுமா என்று முதலிலேயே தீர்மானியுங்கள். 12 அடி அகலம், 300 அடி நீளம் என்றால் 3,600 சதுர அடி. சென்டுக்கு 435.6 சதுர அடி, ஆக 8¼ சென்டுக்குக் கொஞ்சம் மேல். பாதை திரும்பும் இடத்தில் டிரெய்லர் உள்பக்கமாக இழுத்துக்கொண்டு வரும். அந்த மூலையைச் சாய்வாக வெட்டிக் கேட்காவிட்டால் முதல் மாதமே அவர் வரப்பு உடையும், சண்டையும் வரும்.

பாதை அவருடைய எல்லை ஓரமாகவே போகட்டும். நடுவில் வெட்டினால் அவர் உழவும் பாசனமும் இரண்டாகும். யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வாய்க்கால் குறுக்கிட்டால் சிமெண்ட் குழாய் பதித்து மேலே மண் போடும் செலவு உங்களுடையது என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

அறுவடை முடிந்து நிலம் வெறுமையாகக் கிடக்கும்போது பேசுங்கள். பயிர் நிற்கையில் கேட்டால் அவர் கண்ணுக்கு அழியப் போகிற பயிர்தான் தெரியும். "அண்ணே, உங்க கிழக்கு வரப்போரமா பன்னெண்டு அடி. வாங்க, கயிறு புடிச்சுக் காட்டறேன்" என்று சொல்லி, முளையடித்து, சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டுக் காட்டுவது நூறு வார்த்தைக்கு மேல். அவருக்குப் பொதுவாக இரண்டு பயம் இருக்கும்: நாளைக்கு நீங்கள் மனை போட்டு விற்பீர்கள், ஊரே இந்த வழியாக வரும். விவசாய உபயோகத்துக்கு மட்டும், கேட் போட்டு ஆளுக்கொரு சாவி, மனைப் பிரிவுக்குப் பயன்படுத்துவதில்லை என்று நீங்களே எழுதித் தர முன்வந்தால் பாதிப் பேச்சு முடிந்துவிடும்.

பணமாகக் கொடுத்தால் ஒரே தொகையாக, வங்கி வழியாகக் கொடுங்கள். வருடா வருடம் என்று வைத்துக்கொண்டால் அது வாடகை போலவும் வெறும் அனுமதி போலவும் வாதிட இடம் கொடுக்கும். அவருக்கு ஒட்டிய நிலம் உங்களிடம் இருந்தால் பரிவர்த்தனைப் பத்திரம்தான் எங்கள் கணக்கில் சிறந்தது: அவர் 8 சென்ட் பாதைக்குத் தர, நீங்கள் வேறு பக்கம் 8 சென்ட் தருவது. பிறகு உட்பிரிவு செய்து பட்டாவும் உங்கள் பெயருக்கு வந்துவிடும்.

நிலம் அவருடையதாகவே இருந்து பாதை உரிமை மட்டும் எழுதுவதானால், வாசகம் இந்த அளவுக்குத் துல்லியமாக இருக்க வேண்டும் (தபசில் என்பது பத்திரத்தின் சொத்து விவரம்; அ அவர் நிலம், ஆ உங்கள் நிலம்): "அ தபசில் நிலத்தின் கிழக்கு ஓரமாக, வடக்கு தெற்காக 12 அடி அகலமும் 300 அடி நீளமும் உள்ள பாதையில், ஆ தபசில் நிலத்தின் உடைமையாளரும் அவரது வாரிசுகளும் பின்னிட்டு கிரயம் பெறுவோரும் ஆள், மாடு, டிராக்டர், லாரி, அறுவடை இயந்திரம் சகிதம் எக்காலமும் போக வரவும், பாதைக்கு அடியில் தண்ணீர்க் குழாயும் மின் கேபிளும் பதித்துப் பராமரிக்கவும் பாத்தியம் உண்டு." குழாயைச் சேர்க்க மறந்துவிடாதீர்கள். நடக்கும் உரிமையில் குழாய் பதிக்கும் உரிமை அடங்காது. அளவோடு வரைபடமும் இணைத்து இருவரும் கையெழுத்திட வேண்டும்.

வெறும் முத்திரைத்தாளில் எழுதி வீட்டில் வைத்துக்கொண்டால் பயனில்லை. அது அனுமதி அளவிலேயே நின்றுவிடும். நிலத்தை அவர் விற்றால் வாங்கியவரை அந்த அனுமதி கட்டுப்படுத்தாது. நிலம் இருக்கும் எல்லைக்குரிய சார்பதிவாளர் அலுவலகத்தில், எழுதிய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுத்துவிடுங்கள்.

கையெழுத்து யாருடையது என்பதில்தான் பல பாதைகள் முறிகின்றன. கூட்டுப் பட்டா என்றால் அண்ணன் மட்டும் போட்டால் போதாது. தம்பியும் கல்யாணமாகிப் போன தங்கையும் போட வேண்டும். மைனர் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். நிலம் வங்கியில் அடமானத்தில் இருந்தால் வங்கியின் எழுத்துபூர்வ சம்மதம் வாங்குங்கள், ஏலத்துக்குப் போனால் உங்கள் பாதையும் கூடவே போய்விடும். கோயில் நிலமென்றால் குத்தகைதாரரிடம் பேசி ஆகப் போவது எதுவுமில்லை. அறநிலையத் துறைக்குத்தான் போக வேண்டும்.

பதிவான பிறகு, அவருடைய சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். உங்கள் எண்ணில் மட்டும் ஏறியிருந்தால், நாளை அவர் நிலத்தை வாங்க வருகிறவர் கண்ணில் இந்தப் பாதை படவே படாது. பத்திரத்தில் இரண்டு நிலத்தின் சர்வே எண்ணும் தனித்தனித் தபசிலாக இருந்தால் இந்தக் கோளாறு பெரும்பாலும் வராது. அவர் சர்வே எண் பத்திரத்தில் விட்டுப்போயிருந்தால் பிழைதிருத்தல் பத்திரம் ஒன்றை அவர் மனம் மாறுவதற்குள் எழுதி வாங்கிவிடுங்கள்.

பின்னாளில் முள்ளு வெட்டிப் போட்டோ கல் நட்டோ மறித்தால், தேதியோடு படம் எடுத்து, வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். அனுபவ உரிமையை நம்பியிருப்பவர்கள் அந்த இரண்டு ஆண்டுக் கெடுவைத் தாண்ட விடக்கூடாது. வழக்குக்கு முன்பே வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்து லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) பேசி முடிக்கலாம். அங்கே ஆகும் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. அதிலும் அகலம், நீளம், சர்வே எண் எல்லாம் பத்திரத்தில் எழுதுவது போலவே எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்தே கையெழுத்துப் போடுங்கள்.