கூரை போடும் தம்பிகளுக்கு

போன மாதம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் (குடியிருப்பு) வீடு. பின்பக்கம் சமையலறையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே நின்ற தம்பி சூட்டைத் தடுக்கும் அலுமினிய ஃபாயிலை விரித்து, சிலிங் பலகையோடு சேர்த்துத் தகட்டில் இறுக்கி முடுக்கிக்கொண்டிருந்தார். 2009-இல் நான் அடித்த அதே கூத்து. வெள்ளைப் பெயிண்ட், பெரிய ஜன்னல் கதையெல்லாம் எல்லாரும் சொல்வார்கள், விடுங்கள். வீடு கட்டும்போதும் இடிக்கும்போதும் நாம் செய்யும், சூழலைக் கெடுக்கும் தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

ஃபாயிலை இறுக்கி அடைப்பது

என் சொந்த வீட்டிலேயே ஃபாயிலை ஜிங்க் தகட்டுக்கும் பிளைவுட்டுக்கும் நடுவில் நசுக்கிவிட்டேன். அம்மா ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சமைப்பார். "டேய், அடுப்பு கீழ எரியுதா, மேல எரியுதா?" என்பார். வெட்கத்தில் சாப்பாட்டு அறைக்கு 1.5 எச்.பி. ஏர்கோன் மாட்டினேன். அது நிற்காமல் ஓடியதுதான் மிச்சம்.

உச்சி வெயிலில் தகடு 60 டிகிரியைத் தாண்டும். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் சுவரைவிடக் கூரைதான் வெயிலை அதிகம் வாங்குகிறது. சுத்தமான ஃபாயில் கதிர்வெப்பத்தில் சுமார் 5 விழுக்காட்டைத்தான் கீழே விடும். ஆனால் அதன் முகத்துக்கு எதிரே காற்று இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒட்டிக்கிடந்தால் அது வெறும் அலுமினியம், சூட்டை அப்படியே கடத்திவிடும். ஒரு இஞ்ச் பெரோட்டிக் கட்டை (மெல்லிய மரச்சட்டம்) அடித்து இடைவெளி விடுங்கள். பளபளப்பு கீழே பார்க்கட்டும். மேலே பார்த்தால் தூசு படிந்து மங்கிவிடும்.

அன்று கட்டைக்குப் பார்த்த கஞ்சத்தனத்துக்கு, பிறகு சிலிங் முழுவதையும் கிழித்தேன். இன்னும் எரிச்சல் தீரவில்லை. கூரை 30 வருடம் நிற்கும். அத்தனை வருடமும் ஏர்கோன் குடிக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு இங்கே நிலக்கரியிலும் எரிவாயுவிலும்தான் வருகிறது.

தேவைக்கு மேல் சிமெண்ட்

50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்றைத் தயாரிக்கச் சுமார் 40 கிலோ கரியமிலவாயு வெளியாகும். குடிபுகும் முன்பே செலவான கணக்கு இது. செம்மோர் பக்கம் சிமெண்டுக்காக வெட்டப்பட்ட குனோங் கந்தான் சுண்ணாம்பு மலையைப் பார்த்தால் மூட்டை எங்கிருந்து வருகிறது என்று தெரியும். கார் நிறுத்தும் இடத்துக்கு ஆறு இஞ்ச் கனம் எதற்கு?

பழைய அஸ்பெஸ்டாஸ் தகட்டை உடைப்பது

சுத்தியலைக் கீழே வையுங்கள்.

தோட்டத்துப் பலகை வீட்டை அப்படியே இடிப்பது

முதலில் ஒவ்வொரு பலகையாகத் தட்டிப் பாருங்கள். போன வாரம் இறக்கிய வீட்டில் கரையான் கீழ் இரண்டு அடியோடு நின்றுவிட்டது. மேலே இருந்த செங்கால் (கடின மரம்) பலகையில் ஆணி இறங்கவே மாட்டேன் என்கிறது, துளை போட்டுத்தான் அடிக்கிறோம்.