பழைய பேஸ்பால் வீரர் உயிரோடு இருக்கிறாரா, எப்படி உறுதி செய்வது?

2007 ஆகஸ்டில் அமெரிக்கப் பத்திரிகைகளில் ஒரு இரங்கல் செய்தி வந்தது. பில் ஹென்றி என்ற இடதுகை பிட்சர் (பந்து வீசுபவர்) புளோரிடாவில் காலமானார், அமெரிக்காவின் உச்ச நிலை பேஸ்பாலான மேஜர் லீக்கில் 16 சீசன் ஆடியவர், 1961 வேர்ல்ட் சீரிஸ் எனும் சாம்பியன் பட்டப் போட்டியில் சின்சினாட்டி அணிக்குப் பந்து வீசியவர் என்றெல்லாம் போட்டிருந்தார்கள். எல்லாம் சரிதான், ஒன்றைத் தவிர. அந்த பில் ஹென்றி டெக்சாஸில் 79 வயதில் சாகாமல் உட்கார்ந்திருந்தார். புளோரிடாவில் இறந்தவர் அதே பெயருள்ள வேறு ஆள், பல வருடமாக "நான்தான் அந்த பிட்சர்" என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தவர். கட்டிய மனைவியே நம்பியிருக்கிறார், பாவம். பிறந்த தேதியும் பிறந்த ஊரும் இடிக்கிறதே என்று ஓர் ஆய்வாளர் கவனித்ததால்தான் குட்டு உடைந்தது. அசல் ஹென்றி அதன் பிறகு 2014 வரை இருந்தார்.

இந்தத் தேடலில் இறங்குகிறவர்கள் முதலில் மனதில் வைக்கவேண்டியது இதுதான். பெயரை நம்பாதீர்கள். பிறந்த தேதி, பிறந்த ஊர், முழுப்பெயர், இந்த மூன்றும் ஒத்துவந்தால்தான் ஆள் அவர். நானும் ஒருமுறை ஒரு மாலை முழுக்க ஒரு வீரரின் இறப்பைத் தேடிக் கண்டுபிடித்து, வருடத்தைக்கூடக் குறித்துவைத்த பிறகுதான் பார்த்தேன், அது அவருடைய சித்தப்பா. ஒரே பெயர், ஒரே ஊர், 22 வருட வித்தியாசம்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? வீரர்களின் புள்ளிவிவரங்களைத் தொகுத்து வைத்திருக்கும் பேஸ்பால் ரெஃபரன்ஸ் இணையதளத்தில் வீரரின் பக்கத்தைத் திறந்து, பட்டப்பெயருக்குப் பின்னால் இருக்கும் முழுப்பெயரை எழுதிக்கொள்ளுங்கள். பில் என்றால் வில்லியம், செட் என்றால் செஸ்டர், ரெட், லெஃப்டி எல்லாம் பெயரே இல்லை. கியூபா, வெனிசுவேலாக்காரர்களுக்கு அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என்று இரண்டு குடும்பப் பெயர் இருக்கும். கியூபாவின் பிட்சர் கோன்ராடோ மரேரோவை மரேரோ ராமோஸ் என்றும் தேடிப் பார்க்கவேண்டும்.

அடுத்து, யாரைக் கணக்கில் எடுக்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். இதில்தான் பாதிச் சண்டை வருகிறது. "மூத்த தொழில்முறை வீரர்" என்பதும் "மூத்த மேஜர் லீக் வீரர்" என்பதும் ஒன்றல்ல. 2020 டிசம்பரில் மேஜர் லீக் நிர்வாகம், 1920 முதல் 1948 வரை நடந்த கறுப்பின வீரர்கள் தனியாக ஆடிய ஏழு நீக்ரோ லீக்குகளுக்கும் மேஜர் லீக் தகுதி கொடுத்தது. சுமார் 3,400 பேர் ஒரே நாளில் பட்டியலுக்குள் வந்தார்கள். அதற்கு முன் எழுதிய "உயிரோடிருக்கும் மூத்தவர்கள்" பட்டியல் எதைப் பார்த்தாலும் தேதியைப் பாருங்கள், 2020க்கு முந்தியது என்றால் அதில் இவர்கள் இருக்கமாட்டார்கள்.

சைலஸ் சிம்மன்ஸ் கதை இதற்கு நல்ல உதாரணம். 1895 அக்டோபர் 14 அன்று பிறந்தவர், நீக்ரோ லீக்குகள் முறையாகத் தொடங்குவதற்கு முன்பே ஜெர்மன்டவுன் ப்ளூ ரிப்பன்ஸ் என்ற கறுப்பர் அணிக்கு ஆடியவர். பின்னாளில் புளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார், அவர் பழைய பேஸ்பால்காரர் என்று ஆய்வாளர்கள் கண்டுகொண்டதே கடைசிக் காலத்தில்தான். 111வது பிறந்தநாளைக் கொண்டாடி, பதினைந்தாம் நாள், 2006 அக்டோபர் 29 அன்று இறந்தார். தொழில்முறை வீரர்களில் அதிக காலம் வாழ்ந்தவர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். மேஜர் லீக் மட்டும் என்றால் விடை மாறிவிடும், 107 வயது வரை இருந்து 1998ல் இறந்த செட் ஹாஃப் வருவார். இறந்தவர் உயிரோடு இருப்பதாகப் பட்டியலில் நிற்பதுபோலவே, சிம்மன்ஸைப்போல உயிரோடிருப்பவர் பட்டியலிலேயே இல்லாமல் போவதும் நடக்கும்.

பிறந்த தேதியை உறுதி செய்ய வீரர்களின் படமும் விவரமும் அச்சிட்டு விற்கும் பேஸ்பால் அட்டைகளை நம்பாதீர்கள். அந்தக் காலத்து வீரர்கள் வயதைக் குறைத்துச் சொல்வது சகஜம், 30 தாண்டியவனை எந்த அணி எடுக்கும்? மரேரோ 39 வயதை நெருங்கும்போதுதான் 1950ல் வாஷிங்டன் அணிக்கே வந்தார். ஆடிய காலத்தில் அவர் வயதைப் பற்றி வெவ்வேறு கணக்குகள் உலவின. கடைசியில் 2014 ஏப்ரலில் ஹவானாவில் இறந்தபோது 103 ஆக இரண்டே நாள் பாக்கி. அமெரிக்காவில் பிறந்தவர் என்றால் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்கள் கைகொடுக்கும். 72 வருடம் கழித்துத்தான் வெளியிடுவார்கள், 1950ஆம் ஆண்டினுடையது 2022 ஏப்ரலில் வந்தது. 1900ஆம் ஆண்டுப் படிவத்தில் பிறந்த மாதமும் வருடமும் இருக்கும், அடுத்து வந்தவற்றில் வயது மட்டும்தான். பையனுக்கு ஏழு வயதில் அம்மா சொன்ன வயது, இருபத்தைந்தில் அவனே கிளப் மேனேஜரிடம் சொன்ன வயதைவிட நம்பகமானது என்பது என் கணக்கு.

எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் இரண்டாம் உலகப்போர் காலத்து ராணுவப் பதிவு அட்டை. பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், முதலாளி யார், எல்லாம் இருக்கும். அதில் ஒரு வரி, "உங்கள் முகவரி எப்போதும் தெரிந்திருக்கும் நபர் யார்" என்று. அங்கே அம்மா பெயரோ அக்கா பெயரோ எழுதியிருப்பார்கள். வீரரைப் பற்றி எந்தத் துப்பும் கிடைக்காதபோது அக்காவின் இறப்பு அறிவிப்பைத் தேடுங்கள். "உடன்பிறந்தவர்கள்" பகுதியில் இவர் பெயர் எப்படிப் போட்டிருக்கிறது, உயிரோடிருப்பவராகவா, முன்பே மறைந்தவராகவா என்று பார்த்தாலே தேடவேண்டிய காலம் பாதியாகக் குறைந்துவிடும்.

இறப்பைத் தேடும்போது பலரும் நேராகப் போவது அமெரிக்க அரசின் ஓய்வூதியத் திட்டமான சோஷியல் செக்யூரிட்டியின் இறப்புப் பட்டியலுக்கு. போங்கள், ஆனால் 2014 முதல் அந்தத் தரவை மூன்று வருடம் பொத்தி வைக்கிறார்கள், போன வருடம் இறந்தவர் அதில் அகப்படமாட்டார். புதிய இறப்புகளுக்கு உள்ளூர் பத்திரிகையும் இறுதிச்சடங்கு நிலையங்கள் போடும் அறிவிப்புகளும்தான் வழி. கல்லறைப் படங்கள் போடும் ஃபைண்ட் எ கிரேவ் தளம் உதவும், ஆனால் யார் வேண்டுமானாலும் எழுதும் இடம் அது, கல்லின் படம் இல்லாவிட்டால் வெறும் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பின வீரர்களுக்கு சிகாகோ டிஃபெண்டர், பிட்ஸ்பர்க் கூரியர் இரண்டின் பழைய இதழ்களையும் விடவே கூடாது, மற்ற பத்திரிகைகள் அவர்களைக் கண்டுகொள்ளாத காலம் அது. இன்னொன்று, குடும்பத்தார் எழுதும் அறிவிப்பில் "இவர் யாங்கீஸுக்கு ஆடியவர்" என்று இருந்தால் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் அந்த அணியின் கீழிருந்த மைனர் லீக் (கீழ்நிலைப் போட்டி) கிளப் ஒன்றில் ஒரு கோடை ஆடியிருப்பார். பொய் என்று சொல்லமாட்டேன், தாத்தா கதை பேரனிடம் வரும்போது கொஞ்சம் வளர்ந்துவிடும்.

மூத்தவர் யார் என்ற பட்டியலை நீங்களே வைத்திருக்க நினைத்தால், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் "கடைசியாக உயிரோடிருந்ததாகத் தெரிந்த தேதி" என்று ஒரு கட்டம் போடுங்கள். ஒரு பேட்டி, பிறந்தநாள் செய்தி, மனைவியின் இறப்பு அறிவிப்பு, எதுவாக இருந்தாலும் சரி. இறந்த தேதி காலியாக இருப்பது உயிரோடிருப்பதற்குச் சாட்சி ஆகாது. 1880ல் பிறந்து இறந்த தேதி தெரியாத வீரர்களும் ஏட்டில் இருக்கிறார்கள், அவர்கள் எங்கும் உட்கார்ந்து காப்பி குடிக்கவில்லை.

உயிரோடிருக்கும் மூத்த மேஜர் லீக் வீரர் என்ற இடம் எவ்வளவு வேகமாகக் கைமாறும் என்பதற்கு 2019ஐப் பாருங்கள். ஆகஸ்டில் டாம் ஜோர்டன் 100 ஆக பத்து நாள் இருக்கும்போது போனார், அடுத்து மூத்தவரான வால் ஹெய்ம் நவம்பரிலேயே போய்விட்டார். அதன் பிறகு எடி ராபின்சன், ஜார்ஜ் எல்டர், ஆர்ட் ஷாலக். 1951ல் ஷாலக்கை யாங்கீஸ் அழைத்தபோது அவருக்கு இடம் கொடுக்க மைனர் லீக்குக்கு அனுப்பப்பட்டவர், பின்னாளில் பெரிய நட்சத்திரமான மிக்கி மேன்டல். 2025 மார்ச்சில் ஷாலக் 100 வயதில் இறந்ததும் அந்த இடம் 1924 செப்டம்பரில் பிறந்த பில் கிரீசனுக்கு வந்தது, ஐவோ ஜிமா போரைப் பார்த்த மரீன், 1948ல் பர்மிங்காம் பிளாக் பேரன்ஸ் அணியில் வில்லி மேஸின் கூட்டாளி, பிறகு பாஸ்டர். இதை நீங்கள் படிக்கும் நாளில் என்ன நிலை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், போன மாதத்துப் பட்டியலைக் காப்பி அடிக்காதீர்கள்.

புதிதாக ஏதாவது கிடைத்தால் அமெரிக்க பேஸ்பால் ஆய்வுச் சங்கத்தின் வாழ்க்கைக்குறிப்புக் குழுவுக்கு ஆவணப் படத்தோடு அனுப்புங்கள், இதே வேலையாக இருக்கிறவர்கள் அவர்கள். குடும்பத்துக்கே எழுதவேண்டி வந்தால் "தாத்தா இருக்கிறாரா" என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் ஆடிய சீசனைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். பதில் அவரிடமிருந்தே வரலாம், இல்லையென்றால் மகள் இரண்டாவது வரியிலேயே சொல்லிவிடுவார்.