கனெக்டட் என்று காட்டுகிறது, டேட்டா வரவில்லை: கிரிட் சிமுலேட்டர் – பேசர் மென்பொருள் இணைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அத்திப்பட்டு, வள்ளூர், மணலி, தண்டையார்பேட்டை என நான்கு பஸ்கள் (மின்பாதைகள் சந்திக்கும் முனைகள்) உள்ள வடசென்னை மின்கட்டமைப்பு மாடல் ஒன்று கிரிட் சிமுலேட்டரில் ஓடுகிறது. பஸ்ஸுக்கு ஒரு பிஎம்யு: பேசரை, அதாவது மின்னழுத்தம் அல்லது மின்னோட்டத்தின் அளவையும் கோணத்தையும், டைம்ஸ்டாம்போடு அனுப்பும் கருவி. பக்கத்துக் கணினியில் ஓப்பன்பிடிசி, அதாவது பிஎம்யுக்களின் டேட்டாவைத் திரட்டும் பிடிசி மென்பொருள். திரையில் இணைப்பு பச்சையாக இருக்கிறது, கிராஃப் மட்டும் காலி. உடனே கேபிளை மாற்றுவது, சுவிட்சை அணைத்துப் போடுவது, ஃபயர்வாலை மொத்தமாக நிறுத்துவது என்று இறங்கிவிடுகிறார்கள். மூன்றும் வீண் வேலை. டிசிபி இணைப்பு உருவாகிவிட்டது என்றால் கேபிள், ஐபி, போர்ட், ஃபயர்வால் எல்லாம் தேறிவிட்டன. கோளாறு ஐடியிலோ கான்ஃபிகரேஷனிலோ நேரத்திலோதான் இருக்கும்.

நெட் வேகத்தையும் குறை சொல்ல முடியாது. ஆறு பேசர்களை ஃப்ளோட் வடிவில் அனுப்பும் ஒரு டேட்டா ஃப்ரேம் (ஒருமுறை அனுப்பும் செய்தி) 74 பைட்தான். நொடிக்கு 50 ஃப்ரேம் போனாலும் ஹெடர்களோடு சேர்த்து 50 கிலோபிட் அளவில் நின்றுவிடும்.

இணைப்பே வரவில்லை என்றால்

பிங் போகிறதே என்று நம்ப வேண்டாம். பிங்குக்குப் போர்ட் கிடையாது. பிஎம்யு டேட்டாவை அனுப்பும் ஐஇஇஇ சி37.118.2 நெறிமுறையின் வழக்கமான போர்ட்டுகள் டிசிபிக்கு 4712, யுடிபிக்கு 4713. சிமுலேட்டர் கணினியில் நெட்ஸ்டாட் போட்டு 4712 எந்த முகவரியில் காத்திருக்கிறது என்று பாருங்கள். 127.0.0.1 என்றிருந்தால் வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாது, 0.0.0.0 அல்லது அந்த நெட்வொர்க் கார்டின் முகவரியைக் கொடுங்கள். பிஎம்யு பக்கம்தான் சர்வர், பிடிசி கிளையன்ட். இரண்டையும் சர்வராக வைத்துவிட்டு விடிய விடியக் காத்திருந்தாலும் எதுவும் நடக்காது. சில சிமுலேட்டர்கள் ஒரே ஒரு கிளையன்ட்டைத்தான் ஏற்கும். சோதனைக்குத் திறந்த பிஎம்யு கனெக்‌ஷன் டெஸ்டரை மூடாமல் விட்டால் ஓப்பன்பிடிசிக்கு இடமிருக்காது.

மின்வெட்டுக்குப் பிறகு மட்டும் இணைப்பு போகிறதா? கணினிக்கு யுபிஎஸ் கொடுத்து, ரூட்டருக்குக் கொடுக்காமல் விட்டிருப்பார்கள். ரூட்டர் எழுந்து வேறு ஐபி வழங்கியிருக்கும். இரு கணினிகளுக்கும் நிலையான ஐபி கொடுத்துவிடுங்கள்.

ஐடி பொருந்தாமை

இணைப்பு வந்த பிறகு பிடிசி முதலில் கான்ஃபிகரேஷன் கேட்கும் (டேட்டா ஃப்ரேமில் என்னென்ன, எந்த வடிவில் இருக்கும் என்ற விவரம்; கட்டளை 5, பதிலாக வருவது சிஎஃப்ஜி-2 ஃப்ரேம்). அது கிடைத்ததும் டேட்டாவைத் தொடங்கச் சொல்லும் (கட்டளை 2). ஒவ்வொரு கட்டளையிலும் ஐடி கோட் உண்டு. அது பொருந்தாவிட்டால் பிஎம்யு மறுப்பு எதுவும் சொல்லாது, பேசாமல் இருந்துவிடும். பச்சை விளக்கும் காலி கிராஃபும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

நான்கு பிஎம்யுக்களையும் ஒரே ஸ்ட்ரீமில் கட்டி அனுப்பும்போது ஸ்ட்ரீமுக்கு ஒரு ஐடி, உள்ளே ஒவ்வொரு பிஎம்யுவுக்கும் ஒரு ஐடி. கட்டளையில் போக வேண்டியது ஸ்ட்ரீமின் ஐடி. நெட்வொர்க் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கில் பார்த்தால் விளங்கிவிடும்: ஏஏ 41 என்று தொடங்குவது கட்டளை, ஏஏ 31 என்பது சிஎஃப்ஜி-2, ஏஏ 01 என்பது டேட்டா. 41 போய் 31 திரும்பவில்லை என்றால் ஐடியையும் சிஆர்சியையும் (ஃப்ரேம் முடிவில் உள்ள பிழை சரிபார்ப்பு எண்) பாருங்கள்.

கான்ஃபிகரேஷன் ஃப்ரேம்

சிஎஃப்ஜி-2வில் நிலையத்தின் பெயருக்குச் சரியாக 16 பைட், ஆஸ்கி எழுத்து மட்டும். தமிழில் 'வள்ளூர்' என்று எழுத ஆசைதான். ஆனால் யுடிஎஃப்-8இல் அது 21 பைட். மிச்சம் ஐந்து பைட் அடுத்த புலத்துக்குள் வழிய, அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே தவறாகப் படிக்கப்படும். யுடிஎஃப்-8 பெயர் வேண்டுமென்றால் இருபுறமும் சிஎஃப்ஜி-3 (புதிய வகை கான்ஃபிகரேஷன் ஃப்ரேம்) தெரிந்திருக்க வேண்டும்.

டிஜிட்டல் வார்த்தை (16 ஆன்/ஆஃப் நிலைகளின் தொகுப்பு) ஒன்றுக்கு 16 பெயர்கள் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். அவற்றுக்கே 256 பைட் போகும். ஆறு பேசரும் ஒரு டிஜிட்டலும் உள்ள பிஎம்யுவுக்கு சிஎஃப்ஜி-2வில் 410 பைட், பொதுப் பகுதிக்கு 24. மூன்று பிஎம்யு என்றால் 1,254. நான்கு என்றால் 1,664. வழக்கமான ஈதர்நெட்டில் யுடிபி பாக்கெட் ஒன்றுக்குள் அடங்குவது 1,472 பைட்தான். நான்காவது பிஎம்யுவைச் சேர்த்ததும் பாக்கெட் துண்டாகிறது. சில விபிஎன்களும் ஃபயர்வால்களும் துண்டுகளைக் கைவிடும். மூன்று வேலை செய்தது, நான்கு வேலை செய்யவில்லை என்ற புகாருக்கு இதுவே காரணமாக இருக்கலாம். கட்டளையையும் கான்ஃபிகரேஷனையும் டிசிபியில் வையுங்கள்.

அதே டிசிபியில், சொந்தமாக நிரல் எழுதுவோர் ஒருமுறை படித்தால் ஒரு ஃப்ரேம் கிடைக்கும் என்று எண்ணக் கூடாது. பாதியும் வரும், மூன்றும் ஒட்டி வரும். ஃப்ரேமில் உள்ள நீளத்தைப் பார்த்து வெட்டுங்கள். ஃப்ரேம்கள் கொத்துக் கொத்தாக வந்தால் அனுப்பும் பக்கத்தில் டிசிபி நோடிலே (சிறு பாக்கெட்டுகளைத் தேக்காமல் உடனே அனுப்பும்) விருப்பத்தை இயக்குங்கள்.

நேரம்: அதிகம் பேர் வழுக்குமிடம்

ஃப்ரேம் வயர்ஷார்க்கில் ஒழுங்காகத் தெரிகிறது, ஓப்பன்பிடிசி மட்டும் தூக்கி எறிகிறது என்றால் டைம்ஸ்டாம்பைப் பாருங்கள். சிமுலேஷன் நேரம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதை அப்படியே போட்டால் ஃப்ரேமில் 1970 ஜனவரி 1 என்று வரும். தன் கடிகாரத்தோடு ஒப்பிட்டு, அனுமதித்த லேக் (பின்தங்கல்), லீட் (முந்தல்) நேரத்துக்கு வெளியே இருப்பதை பிடிசி ஒதுக்கிவிடும்.

இன்னொன்று நம் நாட்டுக்கே உரியது. நேரம் யுடிசியில் இருக்க வேண்டும். இந்திய நேரத்தைப் போட்டால் ஐந்தரை மணி நேரம், அதாவது 19,800 நொடி முன்னே ஓடும். வித்தியாசம் சரியாக 19,800 என்று வந்தால் வேறு காரணம் தேட வேண்டாம்.

நொடியின் பின்னப் பகுதியில் மேல் 8 பிட் நேரத் தரத்துக்கு, கீழ் 24 பிட்தான் பின்னம். மொத்தத்தையும் எண்ணாகப் படிக்காதீர்கள். ஃப்ரேமுக்கு 0.02 நொடி என்று கூட்டிக்கொண்டே போகவும் வேண்டாம். தசமப் பிழை சேர்ந்து மைக்ரோநொடியில் 20,000க்குப் பதில் 19,999 வரும், ஃப்ரேம் தவறான இடத்தில் போய் உட்காரும். ஃப்ரேம் எண்ணை முழு எண்ணாகவே வைத்து 20,000ஆல் பெருக்குங்கள்.

மடிக்கணினியில் ஓடும் சிமுலேஷன் நிஜ நேரத்தைவிட வேகமாகவோ மெதுவாகவோ ஓடும். தொடக்கத்தில் வந்த டேட்டா சில நிமிடங்களில் வற்றிப்போனால் காரணம் இந்த விலகல். ஒவ்வொரு 20 மில்லிநொடி முடிவிலும் கடிகாரத்துக்காகக் காத்திருக்கும்படி நிரலை அமையுங்கள். மெதுவாக ஓடினால் மாடலைச் சுருக்குவதே வழி. லேக் நேரத்தைக் கூட்டுவது கோளாறைத் தள்ளிப்போடுமே தவிரத் தீர்க்காது.

டேட்டா வருகிறது, எண் தப்பு

அதிர்வெண் 60.02 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். முழு எண் வடிவில் ஃப்ரேமில் போவது அடிப்படை அதிர்வெண்ணிலிருந்து உள்ள விலகல் மட்டுமே. மாதிரி நிரலை எடுத்தவர் அடிப்படையை 60 ஹெர்ட்ஸிலேயே விட்டிருப்பார்; 50க்கு, கான்ஃபிகரேஷனில் அதைக் குறிக்கும் பிட் 1 ஆக வேண்டும். 400 கேவி பஸ் 231 என்று காட்டினால் அது ஃபேஸ் மதிப்பு, சரிதான். 327 என்று காட்டினால் உச்ச மதிப்பை அனுப்புகிறீர்கள். பேசர் ஆர்எம்எஸ்ஸில் (உச்ச மதிப்பை √2ஆல் வகுத்தது) போக வேண்டும்.

கோணம் சுழன்றுகொண்டே இருப்பதைப் பிழையென்று எண்ணித் திருத்தப் போகாதீர்கள். அமைப்பு 49.95 ஹெர்ட்ஸில் ஓடினால் கோணம் நொடிக்கு 18 டிகிரி பின்னோக்கி நகரத்தான் வேண்டும். வள்ளூருக்கும் மணலிக்கும் இடையிலான கோண வித்தியாசத்தைத் தனியே வரையுங்கள். மாடல் நிலையான நிலையில் ஓடும்போதும் அந்த வித்தியாசத்தில் 18 டிகிரி தாவல் தெரிந்தால், ஒரு பிஎம்யுவின் கடிகாரம் ஒரு மில்லிநொடி தவறியிருக்கிறது.